முதலில் அவர்கள் கையில் இருப்பதைப் பறி

"சட்டைக்குள் வைத்தால் வெளியே தெரியாத துப்பாக்கி எது? பாயின்ட் 32 ரிவால்வர் வாங்கலாமா, பாயின்ட் 22 போதுமா? லைசென்ஸ் யாரிடம் கேட்பது?"

2024 ஜூலைக்குப் பிறகு இந்தக் கேள்வி நம் இளைஞர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வருகிறது. கே.கே. நகரில் நாங்கள் கூடும் வாசிப்பு வட்டத்தில் கேட்கிறார்கள். கல்லூரி விடுதியிலிருந்து போன் போட்டுக் கேட்கிறார்கள். சாதி மறுத்துக் கல்யாணம் செய்துகொண்டு, பெண் வீட்டார் எந்தப் பேருந்து நிறுத்தத்தில் நிற்பார்களோ என்று பார்த்துப் பார்த்து வேலைக்குப் போகிற தம்பிகள் கேட்கிறார்கள். இவர்கள் யாரும் சினிமா பார்த்துக் கெட்டுப்போனவர்கள் அல்ல. உயிர் பயத்தில் கேட்கிறார்கள். அவர்களுக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.

அகிம்சைப் பாடம் எடுக்கும் வேலை நமக்கு வேண்டாம். அடி வாங்குகிறவனிடம் போய் அகிம்சை பேசுவது, அடிக்கிறவனுக்குச் செய்கிற சேவை. தன் உயிரைக் காத்துக்கொள்ளும் உரிமையைச் சட்டமே கொடுத்திருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளாக இருந்தது, 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரை இருக்கிறது. அந்த உரிமை ஊருக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல, சேரிக்கும் சேர்த்து எழுதப்பட்டது.

ஆனாலும் "எந்தத் துப்பாக்கி?" என்று தொடங்கும்போதே நாம் ஒரு பொறியில் கால் வைக்கிறோம் என்கிறோம். நம் உயிரைக் காப்பது யார் பொறுப்பு என்ற கேள்வி அங்கே சத்தமில்லாமல் காணாமல் போய்விடுகிறது. அரசின் தலையில் இருக்க வேண்டிய பாரம் ஒரு இளைஞனின் இடுப்புக்கு இறங்கிவிடுகிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சட்டம் சொல்வது என்ன என்பதிலிருந்தே தொடங்குவோம்.

விதி 3-ஐ வரிசையாகப் படியுங்கள்

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் வந்தது. அதற்கான விதிகள் 1995-இல் வந்தன. சட்டத்தைப் படிக்கிற நம் ஆட்கள்கூட விதிகளைப் படிப்பதில்லை. படித்தாலும் நிவாரணத் தொகை எவ்வளவு என்று பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுகிறோம். அதில் விதி 3 இருக்கிறது. வன்கொடுமை நடந்த பிறகு செய்ய வேண்டியதை அது பேசவில்லை. நடப்பதற்கு முன்பே மாநில அரசு செய்ய வேண்டியதைப் பேசுகிறது.

விதி 3(1)-இன் முதல் உட்பிரிவு, வன்கொடுமை நடக்கலாம் என்று நம்ப இடமிருக்கிற பகுதிகளை அரசு அடையாளம் காண வேண்டும் என்கிறது. இரண்டாவது, மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் அந்தப் பகுதிக்கு நேரில் போய்ச் சட்டம் ஒழுங்கைப் பார்க்க வேண்டும் என்கிறது. மூன்றாவதை நன்றாகப் படியுங்கள். அந்தப் பகுதியில் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் அல்லாதவர்கள், அவர்களுடைய நெருங்கிய உறவினர்கள், வேலைக்காரர்கள், குடும்ப நண்பர்கள் ஆகியோரின் ஆயுத உரிமங்களைத் தேவைப்பட்டால் ரத்து செய்து, ஆயுதங்களை அரசு ஆயுதக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்ய வேண்டும். நான்காவது, சட்டவிரோதத் துப்பாக்கிகளையெல்லாம் பறிமுதல் செய்து, கள்ளத் துப்பாக்கித் தயாரிப்பைத் தடுக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் ஐந்தாவது வருகிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் உயிரையும் உடைமையையும் காக்க, தேவைப்பட்டால் அவர்களுக்கு ஆயுத உரிமம் வழங்க வேண்டும்.

ஆம், இந்தியச் சட்டத்திலேயே தலித்துக்குத் துப்பாக்கி உரிமம் கொடு என்று எழுதியிருக்கிறது. தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். கூடவே அந்த வரிசையையும் கவனியுங்கள். முதலில் ஆபத்து இருக்கிறது என்று அரசு ஒப்புக்கொள்ள வேண்டும். அதிகாரிகள் நேரில் போக வேண்டும். ஆதிக்கச் சாதியின் ஆயுதத்தை வாங்கிப் பூட்ட வேண்டும். கள்ள ஆயுதத்தைப் பிடுங்க வேண்டும். அதன்பின்பே நம் கைக்கு ஆயுதம். முதல் நான்கையும் விட்டுவிட்டு ஐந்தாவதை மட்டும் பிடித்துக்கொண்டு, அதிலும் மாடல் என்ன, எடை என்ன என்று பேசினால், அரசு செய்ய வேண்டிய நான்கு வேலைகளை நாமே தள்ளுபடி செய்துவிட்டோம் என்று அர்த்தம்.

கீழ்வெண்மணியை நினைத்துக்கொள்ளுங்கள். 1968 டிசம்பர் 25 இரவு வந்தவர்களிடம் துப்பாக்கி இருந்தது. ஒரே குடிசைக்குள் ஓடி ஒளிந்த 44 பேர் எரிந்து போனார்கள். அந்தப் பகுதியில் கூலிப் போராட்டம் நடந்ததும், பதற்றம் இருந்ததும் அரசுக்குத் தெரியாத செய்தியல்ல. பண்ணையாரின் துப்பாக்கியை யாரும் முன்கூட்டியே வாங்கி வைக்கவில்லை. பீகாரில் 1997 டிசம்பர் 1-இல் லட்சுமண்பூர் பாதேயில் ரண்வீர் சேனா 58 பேரைக் கொன்றது. விதி 3 அப்போது இரண்டரை ஆண்டுகளுக்கு மேலாக நடைமுறையில் இருந்தது. 2013-இல் பாட்னா உயர்நீதிமன்றம் தண்டிக்கப்பட்டிருந்த 26 பேரையும் விடுவித்தது. இந்த இரண்டு ஊர்களிலும் செத்தவர்களுக்கு நல்ல மாடல் துப்பாக்கி கிடைக்கவில்லை என்பதா பிரச்சினை? சுட்டவர்கள் கையில் துப்பாக்கியை விட்டுவைத்தது யார் என்பதே பிரச்சினை.

வாங்கத்தான் முடியுமா?

சரி, ஐந்தாவது உட்பிரிவையே எடுத்துக்கொள்வோம். ஒரு தம்பி முறையாகத் துப்பாக்கி வாங்க நினைக்கிறான். என்ன நடக்கும்?

முதலில் வயது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 9-ஆவது பிரிவுப்படி 21 வயது நிரம்பாதவருக்கு உரிமம் இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்கிற கல்லூரி மாணவர்களில் பாதிப் பேர் இங்கேயே வெளியே.

அதே 9-ஆவது பிரிவில் இன்னொரு தடை இருக்கிறது. அமைதி காப்பேன், நன்னடத்தையோடு இருப்பேன் என்று பிணைப்பத்திரம் எழுதிக் கொடுக்க உத்தரவிடப்பட்டவர், அந்தப் பத்திரக் காலம் முடியும்வரை துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. நம் ஊரில் இதன் அர்த்தம் என்ன? கோயில் திருவிழாவில் சேரிப் பிள்ளைகளை அடித்தால், காவல்துறை "இரு தரப்பினர் மோதல்" என்று எழுதும். அடித்தவனிடமும் அடிபட்டவனிடமும் 107-இல் பத்திரம் வாங்கும். இப்போது அது பி.என்.எஸ்.எஸ். பிரிவு 126 ஆகியிருக்கிறது, பழக்கம் மாறவில்லை. யாருக்கு உரிமம் தேவையோ அவனை அடிபட்ட அன்றைக்கே தகுதி நீக்கம் செய்கிற ஏற்பாடு இது. சாலை மறியலில் போட்ட வழக்குகூட போலீஸ் அறிக்கையில் "பொது அமைதிக்குப் பங்கம்" என்று வந்து நிற்கும்.

அடுத்து பணம். ஒரு உதாரணம். 2014 ஜனவரியில் கான்பூரில் உள்ள அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை "நிர்பீக்" என்ற ரிவால்வரை அறிமுகம் செய்தது. பாயின்ட் 32, எடை அரை கிலோ, பெண்களின் கைப்பைக்குள் அடங்கும் என்று விளம்பரம். 2012 டிசம்பரில் டெல்லியில் பேருந்துக்குள் சிதைக்கப்பட்ட பெண்ணுக்கு ஊடகங்கள் வைத்த பெயரின் சாயலில் வைத்த பெயர் அது. விலை சுமார் 1.22 லட்சம் ரூபாய். பாதுகாப்புக் கொடுக்க வேண்டிய அரசே, ஒரு பெண்ணின் சாவுக்கு ஒரு வருடம் கழித்து, பாதுகாப்பை விலை போட்டு விற்றது. பத்து வருடத்துக்கு முந்தைய அந்த விலையையே வைத்துக் கணக்குப் போடுவோம். 2024-25-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு ஒரு நாள் கூலி 319 ரூபாய். நம் அம்மாக்கள் ஒரு பைசா செலவழிக்காமல் 380 நாளுக்கு மேல் மண் வெட்டினால் ஒரு நிர்பீக் வரும். அப்போது வருடத்துக்கு நூறு நாள் மட்டுமே வேலை என்பதால், முழு வேலையும் கிடைத்தால்கூட அது நான்கு வருட உழைப்பு. தோட்டா தனி.

சொத்து இல்லை என்பதற்காக மட்டும் உரிமத்தை மறுக்கக் கூடாது என்று ஆயுதச் சட்டம் 14(2) சொல்கிறது. நல்ல வரி. ஆனால் கடைக்காரன் 14(2)-ஐ வாங்கிக்கொண்டு ரிவால்வர் தரமாட்டான்.

இதையெல்லாம் தாண்டி வாங்கிவிட்டால் எப்படி எடுத்துப் போவது? 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி கைத்துப்பாக்கியைப் பொது இடத்தில் உறையில் வைத்து, முழுவதும் மூடித்தான் கொண்டு போக வேண்டும். வெளியே காட்டி நடக்கக் கூடாது. அதாவது அவனைப் பயமுறுத்தவும் அது உதவாது. அது இருக்கிறது என்று அவனுக்குத் தெரியப் போவதில்லை.

கடைசியாக ஒன்று. தேர்தல் அறிவித்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். நமக்கு எப்போது ஆபத்து அதிகம்? மேலவளவில் முருகேசன் ஏன் கொல்லப்பட்டார்? பட்டியல் சாதிக்கு ஒதுக்கிய ஊராட்சியில் தேர்தலில் நின்று ஜெயித்ததற்காக. 1997 ஜூன் 30 அன்று ஓடும் பேருந்தை நிறுத்தி அவரையும் உடன் வந்தவர்களையும் வெட்டினார்கள். சாதிவெறி முற்றுகிற தேர்தல் காலத்தில் நம் துப்பாக்கி ஸ்டேஷன் பீரோவில் தூங்கும். அரிவாளை ஒப்படைக்கச் சொல்லும் தேர்தல் விதி எதுவும் கிடையாது. விவசாய வேலைக்கு மட்டுமே ஆன கருவியை ஆயுதம் என்று ஆயுதச் சட்டம் கணக்கில் எடுப்பதும் இல்லை.

இவ்வளவு சுற்று எதற்கு, நாட்டுத் துப்பாக்கி வாங்கிக்கொள்கிறேன் என்று நினைக்கிற தம்பிக்கு ஒரே வார்த்தை: வேண்டாம். உரிமம் இல்லாத துப்பாக்கி வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகம் 5 ஆண்டு சிறை. உன்னைக் கொல்ல வந்தவன் ஜாமீனில் டீ குடிக்கும்போது நீ மத்திய சிறையில் களி தின்பாய். உன் வழக்கைக் காட்டியே "பார்த்தீர்களா, இவர்கள் எல்லாம் ரவுடிகள்" என்று நம் தெரு முழுவதையும் முத்திரை குத்துவார்கள்.

இருந்தும் என்ன ஆனது?

பகுஜன் சமாஜ் கட்சியின் தமிழ் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் 2024 ஜூலை 5 மாலை பெரம்பூரில், கட்டிக்கொண்டிருந்த தன் வீட்டருகே வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் வழக்கறிஞர், மாநிலத் தலைவர், சுற்றி ஆள் இருந்த மனிதர். அவரிடம் உரிமம் பெற்ற துப்பாக்கியும் இருந்தது. மக்களவைத் தேர்தலுக்காக ஒப்படைத்திருந்ததை ஜூன் மாதமே திரும்பப் பெற்றுக்கொண்டார் என்று காவல்துறையே சொன்னது. கொலைக்கான காரணத்தையும் பின்னணியையும் நீதிமன்றம் சொல்லட்டும். நாம் இங்கே எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று. நம்மில் எத்தனை பேருக்கு அந்த உரிமம் கிடைக்கும்? கிடைத்த ஒருவரையும் அது காப்பாற்றவில்லை.

இது அவருடைய குறை அல்ல, கைத்துப்பாக்கியின் கணக்கே அப்படி. அமெரிக்காவில் சால்ட் லேக் சிட்டி காவல்துறையில் பயிற்சியாளராக இருந்த டென்னிஸ் டூலர் 1983-இல் ஒரு கட்டுரை எழுதினார். கத்தியோடு ஓடி வருகிறவன் 21 அடி தூரத்தைச் சுமார் ஒன்றரை வினாடியில் கடந்துவிடுவான். பயிற்சி பெற்ற போலீஸ்காரர் உறையிலிருந்து உருவிச் சுடவும் அதே நேரம் ஆகும். இது ஒரே ஒருவன், எதிரே நின்று, கண்ணுக்குத் தெரிய ஓடி வரும்போது. நம் ஊரில் யார் தனியாக எதிரே வருகிறான்? கூட்டமாக வருகிறார்கள், பின்னால் வருகிறார்கள், உணவு கொண்டுவரும் ஆள் மாதிரி உடையில் வருகிறார்கள். அதுவும் சட்டைக்கு அடியில் மறைத்து வைத்த சின்னத் துப்பாக்கியை எடுக்க இன்னும் நேரம் பிடிக்கும். மறைப்பதற்கு எவ்வளவு வசதியோ, எடுப்பதற்கு அவ்வளவு சிரமம்.

இன்னொன்றும் யோசியுங்கள். நம்மீது நடக்கிற வன்கொடுமையில் எத்தனைக்குச் சுடுவதற்கு ஒரு ஆள் எதிரே நிற்கிறான்? 2002-இல் இதே திருச்சி மாவட்டம் திண்ணியத்தில் நம் ஆட்கள் இருவருக்குச் சூடு போட்டு, மலத்தை வாயில் திணிக்கச் செய்தார்கள். 2022 டிசம்பரில் பக்கத்து மாவட்டம் புதுக்கோட்டையில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தது. குழந்தைகள் குடித்தார்கள். இரண்டு வருடம் கழித்து சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது, அதில் குற்றவாளிகள் என்று காட்டப்பட்ட மூவரும் நம் சாதிக்காரர்கள். அந்தத் தொட்டிக்கு எந்த மாடல் ரிவால்வரை எடுத்துப் போவது? அந்தக் குற்றப்பத்திரிகையை எந்தத் தோட்டாவால் சுடுவது?

யாருக்கு மறுத்தார்கள், யாருக்குக் கொடுத்தார்கள்

இது நமக்கு மட்டும் நடப்பதல்ல. 1956 ஜனவரியில் அலபாமாவின் மாண்ட்கோமரியில் மார்ட்டின் லூதர் கிங் வீட்டில் குண்டு வெடித்தது. அவர் மறைத்து வைத்துக்கொள்ளும் துப்பாக்கிக்கு உரிமம் கேட்டு விண்ணப்பித்தார். ஆம், அகிம்சைக்குப் பேர்போன அதே கிங். வீட்டில் குண்டு போடப்பட்ட மனிதருக்கே உரிமம் மறுக்கப்பட்டது. 1967-இல் கலிபோர்னியாவில் கருஞ்சிறுத்தைகள் அன்றைய சட்டத்துக்கு உட்பட்டே துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தார்கள். உடனே சட்டமே மாறியது. குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் கொண்டு போவதைத் தடுக்கும் மல்ஃபோர்டு சட்டத்தில் ஆளுநர் ரீகன் கையெழுத்துப் போட்டார். 2016 ஜூலையில் மினசோட்டாவில் பிலாண்டோ காஸ்டைல் என்ற கறுப்பின இளைஞரின் காரை நிறுத்தினார்கள். தன்னிடம் துப்பாக்கி இருப்பதை அவரே மரியாதையாகச் சொன்னார். அதற்கான உரிமமும் அவரிடம் இருந்தது. அடுத்த சில வினாடிகளில் போலீஸ்காரர் சுட்டார். மறு ஆண்டு அந்தப் போலீஸ்காரர் விடுதலையானார்.

அமெரிக்கா வரை போக வேண்டாம். பக்கத்தில் குடகுக்குப் போங்கள். குடகு இனத்தவருக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் துப்பாக்கி உரிமமே தேவையில்லை என்று பிரிட்டிஷ்காரன் விலக்குக் கொடுத்தான். சுதந்திரம் வந்தும் அது போகவில்லை. 2019-இல் மத்திய அரசு அந்த விலக்கை 2029 வரை நீட்டித்தது, 2021-இல் கர்நாடக உயர்நீதிமன்றம் அது செல்லும் என்றது. பிறப்பாலும் நிலத்தாலும் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை இந்த நாட்டில் ஒரு பகுதியினருக்கு இருக்கிறது. நமக்கோ "தேவைப்பட்டால்". தேவைப்பட்டதா என்று முடிவு செய்வதும் நாம் அல்ல.

துப்பாக்கி யார் கையில் இருந்தால் "பாரம்பரியம்", யார் கையில் இருந்தால் "பயங்கரவாதம்" என்பதைத் துப்பாக்கி தீர்மானிப்பதில்லை, சாதி தீர்மானிக்கிறது. அதனால்தான் துப்பாக்கி வாங்கிச் சாதியைச் சமாளித்துவிடலாம் என்பது தலைகீழ்க் கணக்கு.

எங்களைச் சுற்றித் துப்பாக்கிதான்

எங்கள் கே.கே. நகரில் துப்பாக்கிக்குப் பஞ்சமில்லை. இங்கேதான் மாநகர ஆயுதப்படை வளாகம் இருக்கிறது. அதற்குள் ரைபிள் கிளப் இருக்கிறது. 2022 ஜூலையில் மாநிலத் துப்பாக்கிச் சுடும் போட்டிக்கு நடிகர் அஜித் வந்தபோது தெருவே நிரம்பி வழிந்தது. விமான நிலையத்தைத் தாண்டி நவல்பட்டுப் பக்கம் போனால் 1966-இல் தொடங்கிய துப்பாக்கித் தொழிற்சாலை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அரசின் துப்பாக்கி. வன்முறையைச் சட்டப்படி பயன்படுத்தும் ஏகபோகம் கொண்டதே அரசு என்று மாக்ஸ் வெபர் எழுதியதைச் சமூகவியல் வகுப்பில் மனப்பாடம் செய்கிறோம். அந்த ஏகபோகத்துக்கு ஒரு விலை உண்டு. துப்பாக்கி என்னிடம்தான் இருக்கும் என்று சொல்கிற அரசு, உன் உயிருக்கு நான் பொறுப்பு என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதல் பாதியை மட்டும் சொல்லி நம்மிடமிருந்து தப்பிக்க முடியாது.

"அந்தப் போலீஸையா நம்பச் சொல்கிறீர்கள்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1995-இல் கொடியன்குளத்தில் வீடு வீடாகப் புகுந்து அடித்து நொறுக்கியது போலீஸ்தான். 2011 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் நினைவு நாளில் நம்மைச் சுட்டதும் போலீஸ்தான். யாரும் யாரையும் நம்பச் சொல்லவில்லை. நம்பிக்கை வேறு, பொறுப்பேற்க வைப்பது வேறு. நம்பாதவனிடம்தான் எழுத்தில் கேட்க வேண்டும். எழுத்தில் பதில் வாங்க வேண்டும். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அரசு நம்மைக் கைவிடுகிறது என்பதற்காக நாமும் அரசை அதன் பொறுப்பிலிருந்து விடுவித்துவிட்டால் லாபம் யாருக்கு?

அப்படியானால் என்ன செய்வது?

ஒன்று. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஆட்சியர் அலுவலகத்துக்கும் காவல் அலுவலகத்துக்கும் மனு போடுங்கள். கேள்விகள் இவை. இந்த மாவட்டத்தில் விதி 3(1)(i)-இன்படி அடையாளம் காணப்பட்ட பகுதிகள் எவை? கடந்த ஐந்து ஆண்டுகளில் ஆட்சியரும் கண்காணிப்பாளரும் அங்கே எந்தெந்தத் தேதியில் போனார்கள்? 3(1)(iii)-இன்படி எத்தனை ஆயுத உரிமங்கள் ரத்தாயின? 3(1)(iv)-இன்படி எத்தனை கள்ளத் துப்பாக்கிகள் பிடிபட்டன? 3(1)(v)-இன்படி எத்தனை பட்டியல் சாதியினர் உரிமம் கேட்டார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது? முப்பது நாளில் பதில் வர வேண்டும். "தகவல் இல்லை" என்று வந்தால் அதுவும் பதில்தான். பத்திரமாக வையுங்கள்.

இரண்டு. விதி 17-இன்படி ஆட்சியர் தலைமையில் மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். முதலமைச்சர் தலைமையிலான மாநிலக் குழு விதி 16-இன்படி ஜனவரியிலும் ஜூலையிலும் கூட வேண்டும். கூடினார்களா? கூட்டக் குறிப்பு எங்கே? விதி 3-ஐப் பற்றி அதில் ஒரு வரியாவது இருக்கிறதா? நம் மாவட்டக் குழு உறுப்பினர் யார் என்றாவது நமக்குத் தெரியுமா?

மூன்று. உண்மையிலேயே உயிருக்கு ஆபத்து இருக்கிறவர் 3(1)(v)-ஐக் குறிப்பிட்டு ஆயுத உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். இதுவரை பேசியதற்கு இது முரண் என்று தோன்றலாம். முரண் இல்லை. அந்த மனு வந்ததும் அதிகாரி ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். கொடுத்தால், இந்தப் பகுதியில் தலித்துக்கு ஆபத்து இருக்கிறது என்று அரசே எழுதிக் கொடுத்ததாக ஆகும். அப்புறம் முதல் நான்கு உட்பிரிவுகளை ஏன் செய்யவில்லை என்று கேட்கலாம். மறுத்தால், ஆயுதச் சட்டம் 14(3)-இன்படி காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். கேட்டால் அந்தக் காரணத்தைத் தர வேண்டும். பொது நலன் கருதித் தர முடியாது என்று சொல்லித் தப்பப் பார்ப்பார்கள். பிரிவு 18-இன்படி மேல்முறையீடு செய்யுங்கள். "ஆபத்து இல்லை" என்று கையெழுத்துப் போட்ட பிறகு ஏதாவது நடந்தால், கடமையில் வேண்டுமென்றே தவறிய அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்று சொல்கிற வன்கொடுமைச் சட்டம் பிரிவு 4-க்கு அந்தக் காகிதமே சாட்சி. துப்பாக்கி கிடைக்கிறதோ இல்லையோ, மனு வீண் போகாது.

நான்கு. நம்மைக் கொல்வது பெரும்பாலும் அரிவாள் என்பதால் உரிமம் ரத்தோடு நிற்க முடியாது. வன்கொடுமை செய்யக்கூடியவன் என்று தெரிகிற ஆளை அந்தப் பகுதியை விட்டே வெளியேற்றச் சிறப்பு நீதிமன்றத்துக்குப் பிரிவு 10 அதிகாரம் கொடுக்கிறது. முன்தடுப்பு நடவடிக்கைக்குப் பிரிவு 17 இருக்கிறது. சிறப்புக் காவல் படையை நிறுத்த விதி 3(1)(x) இருக்கிறது. பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்புக் கேட்க, 2015 திருத்தத்தில் வந்த 15ஏ இருக்கிறது. மிரட்டல் வந்த அன்றே இந்தப் பிரிவுகளின் எண்ணைப் போட்டு மனு கொடுங்கள். "பாதுகாப்பு வேண்டும் ஐயா" என்று மொட்டையாக எழுதிய மனுவை மேசைக்கு அடியில் தள்ளுவது சுலபம். பிரிவு எண்ணோடு, தேதியோடு, ஒப்புகைச் சீட்டோடு கொடுத்த மனுவைத் தள்ள முடியாது.

ஐந்து. தனியாகப் போகாதீர்கள். மனு கொடுக்கவும் சரி, ராத்திரி ஊருக்குத் திரும்பவும் சரி. துப்பாக்கிக்குச் சேர்த்துவைக்க நினைத்த பணத்தில் தெரு முனையில் விளக்கும் கேமராவும் போடலாம். ஒரு நல்ல வழக்கறிஞரைத் தெரு முழுவதும் சேர்ந்து வைத்துக்கொள்ளலாம். ஒருவன் இடுப்பில் இருப்பது அவன் ஒருவனுக்கு. நூறு பேர் கையெழுத்துப் போட்ட மனு அந்தத் தெருவுக்கே.

துப்பாக்கி கேட்கிற தம்பிகளே, உங்கள் பயம் நிஜம், உங்கள் கோபம் நியாயம். உங்களைக் கோழைகள் என்றோ வன்முறையாளர்கள் என்றோ சொல்ல யாருக்கும் யோக்கியதை இல்லை. அந்தக் கோபத்தைக் கடையில் போய்ச் செலவழித்துவிடாதீர்கள் என்று மட்டும் கேட்கிறோம். விதி 3 எழுதி முப்பது வருடம் ஆகிவிட்டது. நம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதிக்காரன் ஒருவனுடைய துப்பாக்கியாவது அதன்படி ஆயுதக் கிடங்குக்குப் போயிருக்கிறதா? அடுத்த வாரத்துக்குள் பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டி அதைக் கேளுங்கள். வருகிற பதிலை எடுத்துக்கொண்டு வாருங்கள். உட்கார்ந்து அடுத்த மனுவைச் சேர்ந்து எழுதுவோம்.

ஜெய்பீம்.